பென்சில் டிக்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதினான்கு வருட வேலை. முதல் தடவை வந்த முடிவைப் பென்சிலில் குறிப்பாள். இரண்டாம் தடவையும் அதுவே வந்தால்தான் பேனா. நாள் பூராவும் நின்று நின்று கால் வீங்கிப்போகவே, உட்கார்ந்து செய்கிற வேலைக்குத் தாவிவிடலாம் என்று கம்ப்யூட்டர் கோடிங் படிக்க ஆரம்பித்தாள். முன்னூறு பயிற்சிகளின் பட்டியலை அச்சடித்து அலமாரிக் கதவில் ஒட்டினாள். விடையைப் பார்த்துப் போட்டதற்குப் பென்சில் டிக், தானாகப் போட்டதற்குப் பேனா டிக். வேலை விட்டு வந்து கண் செருகுகிற நேரத்தில் பென்சில்தான் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் போனில், சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிற தன் தம்பியிடம் அளந்துகொண்டிருந்தார். "உங்க அண்ணி நூத்திப்பன்னெண்டு முடிச்சாச்சுடா. உன் ஆபீஸ்ல சொல்லி வை."

அவளுக்குச் சுருக்கென்றது. பென்சில் டிக் வாங்கிய நான்காம் பயிற்சியை விடை பார்க்காமல் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. ஐந்தும் வரவில்லை. ஆறில் பாதிவரை போய் நின்றுவிட்டது. அதற்குமேல் தெம்பில்லை. ரப்பரை எடுத்துப் பென்சில் டிக்கையெல்லாம் தோள் வலிக்க வலிக்க அழித்ததில் ஒன்பது பேனா டிக் மிஞ்சியது.

கணவர் வந்து பார்த்தார். "என்ன இது, மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

"ரெண்டாவது தடவை வரலைங்க," என்றாள், காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக்கொண்டே. "தம்பிக்குப் போன் போட்டு ஒம்பதுன்னு சொல்லிடுங்க."

பிறகு நான்காம் பயிற்சியை மறுபடி திறந்தாள்.