உலகச் சட்டம் எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்தபோது

ஏற்றுமதி கம்பெனியில் ‘கம்ப்ளையன்ஸ்’ வேலை என்றால், உலக நாடுகள் கூடி எழுதிய சட்டத்தை லேடீஸ் டாய்லெட்டுக்குப் போகும் வழியில் ஆணியடித்து மாட்டிவிட்டு, அது கோணாமல் தொங்குகிறதா என்று தினமும் போய்ப் பார்ப்பது.

இந்த நாற்காலியில் உட்கார்ந்து அல்லல்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொழிலாளிகளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறவள் என்று, கம்பெனியைச் சோதிக்க வருகிற ஆடிட்டர் உங்களைச் சந்தேகப்படுவார். முதலாளியின் ஆள் என்று தொழிலாளிகள் சந்தேகப்படுவார்கள். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு உளவு சொல்கிறவள் என்று முதலாளி சந்தேகப்படுவார். நானும் சளைத்தவள் இல்லை, இந்த மூன்று பேரையும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் சம்பளம் வாங்கினேன்.

நான் மடத்துக்குளத்துக்காரி. கோயம்புத்தூரில் சட்டம் படித்தேன். அதில் பன்னாட்டுச் சட்டம் ஒரு பேப்பர். பாஸ் பண்ணினால் போதும், அதை வைத்துக்கொண்டு உடுமலை கோர்ட்டில் என்ன செய்வாய் என்று வாத்தியாரே கேட்டார். கோர்ட்டுக்குப் போகாமல் திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். வெளிநாடுகள் துணி இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டா முடியப்போகிறது, இனி ஆர்டர் கொட்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். அடுத்த எட்டு வருஷம் அந்த ஒரு பேப்பர்தான் எனக்குச் சோறு போட்டது.

பலகை

வந்த முதல் மாதம் எனக்குக் கொடுத்த வேலை, தொழிலாளர்களுக்காக உலக நாடுகள் ஜெனீவாவில் எழுதின உடன்படிக்கைகளின் சாரத்தைத் தமிழில் போட்டுப் பலகையாக்குவது. கட்டாய வேலை கூடாது, குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது, இதெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. நாலாவது வரியில் மாட்டிக்கொண்டேன். ‘கூடிச் சேரும் சுதந்திரம் அனைவருக்கும் உண்டு’ என்று எழுதியிருந்ததைப் படித்த சூப்பர்வைசர் அலறிவிட்டார். “மேடம், பொம்பளைப் புள்ளைங்க வேலை செய்யற இடமுங்க. அவங்க ஊட்டுல வந்து சண்டைக்கு நிப்பாங்க” என்றார். ‘சங்கம் அமைக்கும் உரிமை’ என்று மாற்றினேன். இப்போது முதலாளி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். எடுக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் எழுத்தைச் சின்னதாக்க முடியுமா என்று கேட்டார்.

பலகை ஏறிய அன்று மதியம் யாரும் அதை நின்று படிக்கவில்லை. ஓவர்லாக் மெஷினில் இருந்த ஜெபராணி மட்டும் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே ஒவ்வொரு வரியாகப் படித்தாள். திருநெல்வேலிப் பக்கம், சாத்தான்குளத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள், எதையும் மென்று விழுங்காதவள். பிடித்திருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு திருப்பிக் கேட்டாள்.

“இவ்வளவு நல்ல நல்லதா எழுதிருக்கியள, யாரை வேலைய விட்டு நிறுத்தப் போறாவ மேடம்?”

கையெழுத்து

ஐரோப்பாவிலிருந்து பையரின் ஆடிட்டர் வந்தாள். நெட்டையான பெண், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மெஷின் ஹாலுக்குள் வருவாள், எதைச் சொன்னாலும் சிரித்தபடி எழுதிக்கொள்வாள். அந்தச் சிரிப்பை நம்பக் கூடாது என்பது எங்கள் கம்பெனியில் எழுதாத விதி. சின்ன எழுத்தில் இருந்த வரியைக் காட்டி, இங்கே சங்கம் இருக்கிறதா என்று கேட்டாள். முதலாளி என்னைப் பார்த்துத் தமிழில், “அம்மணி, இந்தச் சட்டத்துக்கு நம்ம நாடு கையெழுத்துப் போட்டிருக்குதுங்களான்னு கேளுங்க” என்றார்.

அப்படியே இங்கிலீஷில் கேட்டேன். அந்த விஷயத்தில் டெல்லி அன்றைக்கு வரைக்கும் ஒப்புதல் தரவில்லை, அது உண்மை. அதை முதலாளிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அவள் நினைத்தாள் என்பது அவள் பேனா நின்ற விதத்திலேயே தெரிந்தது. சத்தியமாக நான் சொல்லவில்லை, ஏதோ கல்யாணப் பந்தியில் இன்னொரு கம்பெனிக்காரர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவள் அசரவில்லை. ஒப்புதல் தராவிட்டாலும், ஜெனீவாவில் இருக்கிற அமைப்பில் உறுப்பு நாடாக இருப்பதாலேயே அந்தக் கொள்கையை மதிக்கிற கடமை இந்தியாவுக்கு உண்டு. அது இந்தியாவின் பாடு. உங்களைக் கட்டுவது ஆர்டர் கொடுக்கிற எங்கள் கம்பெனியின் நடத்தை விதி, அதில் இதே வரி இருக்கிறது, இதோ உங்கள் கையெழுத்து என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஆர்டர் வந்த சந்தோஷத்தில் படிக்காமல் போட்டது. முதலாளி கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், அவருடைய கையெழுத்தேதான்.

“அப்ப டெல்லிக்காரங்க போடாததுக்கும் சேத்தி நானே போட்டுக் குடுத்திருக்கறனுங்களா அம்மணி?”

எல்லாருக்கும்

வடக்கேயிருந்து ஆட்கள் வரத் தொடங்கியதும், பலகை இந்தியிலும் வேண்டும் என்றார்கள். தெரிந்த ஒரு இந்தி டீச்சரைப் பிடித்து எழுதி வாங்கினேன். அயர்னிங் டேபிளில் பிரசாந்த் என்று ஒரு ஒரிசாக்காரன் இருந்தான். வந்து ஒரு வருஷத்தில் தமிழ் பேசப் பழகியிருந்தான், மரியாதை விகுதி மட்டும் வாயில் நுழையாது. புதுப் பலகையைப் படித்துவிட்டு, இது தமிழ் ஆளுக்கா எங்களுக்குமா என்று கேட்டான். உலகத்தில் பிறந்த எல்லாருக்கும் என்றேன். எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கே ஒரு பெருமை.

இரண்டு நாள் கழித்து, பலகையில் இருந்ததை ஒரு தாளில் அடித்துக் கம்பெனி சீல் வைத்துத் தரச் சொன்னான். எதற்கு என்று உடனே எனக்குச் சந்தேகம். வேறு கம்பெனிக்குத் தாவப் பார்க்கிறானோ? அப்படி ஒன்றும் இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் போலீஸ் அவனை மட்டும் நிறுத்தி, யார், எவர், எங்கே திருடினாய் என்று முழு நாளும் உட்காரவைத்திருக்கிறது. கம்பெனி கார்டைக் காட்டியும் நம்பவில்லையாம். மனசு கேட்காமல் அடித்து சீல் வைத்துக் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத் திருப்பி என் மேஜையிலேயே வைத்தான்.

“எல்லாரும்னு போட்டா போலீஸ் நம்பாது மேடம். இதுல என் பேர் எழுது.”

ஆற்றுக்குக் கீழே

அடுத்த வருஷ ஆடிட்டுக்கு அதே பெண் வந்திருந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் கேட்டில் வந்து நின்றார். கையில் பாட்டில். அதில் கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர். நொய்யல் ஆற்றோரம் எங்களுக்குக் கீழே இருக்கிற ஊர்க்காரர், அது அவருடைய கிணற்றுத் தண்ணீர். வெள்ளைக்காரியிடம் காட்ட வேண்டுமாம். வாட்ச்மேன் அவரை எந்தச் சங்கம், எந்தக் கட்சி என்று துருவிக்கொண்டிருந்தான். மாடி ஜன்னலிலிருந்து ஆடிட்டர் பார்த்துவிட்டாள், யார் என்று கேட்டாள். முதலாளி கொஞ்சமும் யோசிக்காமல், “எங்க மாமனுங்க, சும்மா பாக்க வந்திருக்காரு” என்றார். அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். நானேதான் சொன்னேன்.

கீழே இறங்கிப் போய்ப் பெரியவரைத் தனியாகக் கூட்டிப்போனேன். எங்கள் கம்பெனியில் சாயப்பட்டறை இல்லை, துணியை வெளியே கொடுத்துச் சாயம் போடுகிறோம், இந்த அம்மா பார்ப்பதெல்லாம் எங்கள் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும்தான் என்றேன். இங்கே சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு போர்டும் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லையே, அந்த அம்மாவிடம் அதைத் தாண்டி ஒன்றும் இல்லையா என்று கேட்டார். படித்த புத்தி சும்மா இருக்குமா? ஒரு நாடு தன் மண்ணிலிருந்து நச்சைப் பக்கத்து நாட்டுக்குள் விட்டால் அது குற்றம், அதற்குத்தான் உலகச் சட்டம் என்றேன். அவர் பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டார். கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை.

“இல்லீங்க அம்மணி, நாங்க வேற நாடாப் பொறந்திருந்தா எங்க கெணத்துக்கும் ஒரு சட்டம் இருந்திருக்கும்ங்கறீங்க, அப்படித்தானுங்களே?”

செல்வியின் பாஸ்போர்ட்

பலகை மாட்டின நாளிலிருந்து ஜெபராணி என்னிடம் தானாக வந்து பேசியதில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவள் தங்கை செல்வியும் டெய்லர், ஏஜென்ட் மூலம் அரபு நாட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் போயிருந்தாள். போன அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஊரில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன். செல்வி ஊருக்கு வரவேண்டும் என்று அழுதும் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. “நீங்க உலகச் சட்டம் படிச்சவியன்னு சொன்னியளே” என்றாள். நம் தூதரகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. விஷயம் அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது, உரிய இடத்தில் எடுத்துச் சொல்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். பரீட்சையில் நானும் அதையேதான் எழுதியிருந்தேன். ஒரு நாடு இன்னொரு நாட்டின் வீட்டுக்குள் புகுந்து அதிகாரம் செய்ய முடியாது. அதற்குப் பதினைந்துக்குப் பன்னிரண்டு மார்க் போட்டார்கள்.

அடுத்த வாரம் ஜெபராணி ஒரு டி-ஷர்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள். ஊருக்குத் திரும்பிய ஒரு டெய்லரிடம் செல்வி கொடுத்தனுப்பியது, அங்கே அவர்கள் தைப்பது. கழுத்து லேபிளைப் புரட்டிக் காட்டினாள். நாங்கள் தைக்கிற அதே லேபிள், அதே பையர். பையருக்கு எழுதலாம் என்று தோன்றியது. எழுதினால், போட்டிக் கம்பெனியைப் போட்டுக்கொடுக்கிறோம் என்று நினைப்பார்கள். முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை. கடைசியில் கம்பெனி கம்ப்யூட்டரைத் தொடாமல், பல்லடம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்த ஆடிட்டருக்கு மெயில் அனுப்பினேன். நடத்தை விதியில் கட்டாய வேலை கூடாது என்ற பக்கத்தையும் சேர்த்தேன். இரண்டு வாரம் ஆகவில்லை, செல்வியின் விடுதியில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் பாஸ்போர்ட் திரும்பி வந்துவிட்டது. செல்வி போனில் சொன்னதை ஜெபராணி எனக்கு அப்படியே ஒப்பித்தாள்.

“யக்கா, கேக்காமலே எடுத்துக் குடுத்துட்டாவ. இதுக்குப் பதிலா எதுல கையெழுத்து வாங்கப் போறாவளோ, பயமாருக்கு!”

முதலாளி அறை

செல்வி வந்தாள், அம்மாவின் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் திருப்பூரிலிருந்து யாரோ பையருக்கு எழுதியிருக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. முதலாளி கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அதுவே நல்ல சகுனமில்லை. எழுதியது நீங்களா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். நம்ம கம்பெனியைப் பற்றி எழுதினீர்களா என்றார். இல்லீங்க என்றேன். நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். “எழுதற மாதிரி நம்மகிட்ட ஏதாச்சு இருக்குதுங்களா?” என்றார்.

வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். வெளியூர்ப் பெண்கள் தங்குகிற எங்கள் கம்பெனி ஹாஸ்டல் கேட்டை ஞாயிற்றுக்கிழமை பூராவும் பூட்டித்தான் வைக்கிறோம். வார்டன் சீட்டு கொடுத்தால்தான் சர்ச்சுக்கோ கடைக்கோ போக முடியும். அங்கே பாஸ்போர்ட்டைப் பூட்டியதும் இங்கே கேட்டைப் பூட்டுவதும் பலகையில் ஒரே வரிக்குள்தான் வரும் என்றேன். பெற்றவர்கள் நம்பி அனுப்பிய பிள்ளைகள், பாதுகாப்புக்குத்தான் பூட்டுகிறோம் என்றார். வெளிப்பக்கம் பூட்டினால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லீங்க என்றேன். அவர் வார்டனுக்குப் போன் போட்டு, இந்த வாரத்திலிருந்து பகலில் பூட்ட வேண்டாம் என்றார். போனை வைத்த கையோடு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“இத அங்க எழுதிப்போட்டுட்டு இங்க சொல்றீங்களா, இல்ல இனிமேல்தான் எழுதப் போறீங்களா அம்மணி?”

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு பார்க்கப் போனேன். கேட் விரியத் திறந்திருந்தது. ஒருத்தியும் வெளியே வரவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக நின்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே நின்று, தாராளமாகப் போங்க, இது உங்கள் உரிமை என்று கத்தினேன். நான் சொன்னதும் இரண்டு பேர் உள்ளேயே போய்விட்டார்கள். கடைசியில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இறங்கி வந்து, கேட்டுக்கு உள்பக்கமே நின்றுகொண்டு கேட்டாள்.

“தெறந்து வச்சிட்டு, யார் யார் போறான்னு எழுதிக்கிட்டுப் போகத்தான வந்திருக்கிய?”

இப்போது யாராவது உலகச் சட்டம் என்றால் என்ன என்று கேட்டால், யாருக்கு எழுதினால் பதில் வரும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என்று சொல்கிறேன், கேட்கிறவர் யாருடைய ஆள் என்று விசாரித்துக்கொண்ட பிறகு.