ஈரத்துணியில் உதிர்ந்த இங்கிலீஷ்

போன வாரம் வியாழக்கிழமை, எங்க வூட்டு இங்கிலீஷ் மொத்தத்தையும் நான் தொடைச்சுப் போட்டுட்டேன். வேணும்னே செய்வேனா? சத்தியமா இல்லீங்க.

மருமக கலைவாணி மைன்ஸ் ஆபீஸ்ல கான்ட்ராக்ட். ஞாயித்துக்கிழமை பர்மனென்ட் ஆகிறதுக்கான பரீட்சை. இந்த வாட்டி விட்டா வயசு தாண்டிடும். இங்கிலீஷ் இலக்கணம் மட்டும் அவளுக்கு நிக்கல. அதனால வூடு பூரா சீட்டு எழுதி, சோத்துப் பசையால ஒட்டியிருந்தா. கட்டிலுக்குக் கீழ இருக்கிற பெட்டியில 'அண்டர் த காட்'. கதவுக்குப் பின்னால தொங்குற பையில 'பிஹைண்ட் த டோர்'. எது எங்க இருக்குன்னு சொல்ற வார்த்தைங்களாம். ஒரு பேச்சையும் அடுத்த பேச்சையும் கோக்கிற 'ஹவ்வெவர்', 'தேர்ஃபோர்' எல்லாம் கூடத்துக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல, நிலைக்கட்டையில.

காத்து திரும்பினா எங்க டவுன்ஷிப்ல கரித்தூள் உள்ள வந்து உக்காந்துக்கும். தினம் ஈரத்துணி போடாம எனக்கு இருப்புக் கொள்ளாது. அன்னிக்கும் போட்டேன். சீட்டெல்லாம் பொலபொலன்னு...

மணி ஒண்ணு. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிஞ்சு ரெண்டரைக்கு அவ வந்துடுவா. பக்கத்து குவார்ட்டர்ஸ்ல கேட்டிருக்கலாம்தான். ஆனா எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு நான் போய்ச் சொல்றதா? நாப்பது வருஷமா இங்க தலை நிமிர்ந்து நடந்தவ நான்!

கை போன இடத்துல ஒட்டினேன். அப்புறம் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகினே இருந்தேன்.

கலைவாணி செருப்பைக்கூடக் கழட்டல. அலமாரியில நான் ஒட்டியிருந்த 'அண்டர் த காட்' சீட்டைப் பார்த்துட்டா.

"அத்தை, நம்ம கட்டிலு எப்ப அலமாரி மேல ஏறுச்சு?"

"விழுந்துச்சு... ஒட்டினேன்."

"படிச்சுப் பாத்தா ஒட்டுனீங்க?"

நான் தலையைக் குனிஞ்சுகினேன். அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. "மூணே நாளுதான் இருக்கு அத்தை..." குரல் உடைஞ்சுது.

அதைக் கேட்டப்புறம் என்ன பெருமை? "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா"ன்னேன்.

அவ எழுந்தா. அப்புறம் ஒரு சீட்டைப் பிச்சு எடுத்தா. "வாங்க. நான் தமிழ்ல சொல்லிக்கினே ஒட்டுறேன். உங்களுக்குப் புரியலன்னா விடாதீங்க."

விடுவேனா! ஏன் இங்க, ஏன் அங்க இல்லைன்னு கொடஞ்சு எடுத்துட்டேன். "மாமியாரா, இன்ஸ்பெக்டரா?"ன்னு திட்டிக்கினே ஒட்டினா. சனிக்கிழமை சாயங்காலம் கண்ணை மூடிக்கினு எல்லாத்தையும் சொன்னா.

தெரியாதுங்கிற ஒரு வார்த்தையை மறைக்க நாம எவ்வளவு பசை தடவுறோம்!

பரீட்சை முடிஞ்சுது. ரிசல்ட்டு இன்னும் வரல. இருப்புக் கொள்ளாம நானும் தினம் ரெண்டு வாட்டி வூட்டைத் தொடைக்கிறேன் — சீட்டுங்க மேல மட்டும் துணி படாம.