தீவிலேயே தங்கிவிட்ட பெண்கள்

ஒன்பது வயதில் எனக்கு நாங்கள் வாழ்ந்த மாண்ட்ரியல் நகரைவிட டென்மார்க்கின் லோலன் தீவைப் பற்றித்தான் அதிகம் தெரியும். அப்பா அதன் சரித்திரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கும்பகோணத்துக்காரருக்கு அந்தத் தீவில் என்ன வேலை என்று எந்த விருந்தாளியும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வந்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பா பல்கலைக்கழகத்துக்கும் நான் பள்ளிக்கும் போய்விட்டால், அம்மா சந்தைக்குப் போய் காய்களை விரலால் சுட்டிக்காட்டி வாங்கி வருவாள். ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ என்று வணக்கத்துக்கும் நன்றிக்குமான இரண்டு பிரெஞ்சுச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுவதையும் ஓட்டினாள்.

அந்த மார்ச்சில் அப்பா தன் துறையில் ஓர் உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. ஒத்திகைக்குச் சபையினர் அம்மாவும் நானும்தான். குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்து நின்று, அம்மாவுக்காகத் தமிழிலேயே சொன்னார். முதலில் வந்தவர்கள் பெரிய கற்களை அடுக்கிக் கல்லறை கட்டினார்கள். பிறகு பண்ணையார்கள், அவர்களுக்கு உழைத்த குடியானவர்கள். ஒருமுறை கடல் பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது, கரை எழுப்பினார்கள். கடைசியில் சர்க்கரை ஆலைகள் வந்தன. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்களில் ஆள் போதாமல், போலந்திலிருந்து இளம்பெண்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்தார்கள்.

கல்லறைக்கும் கடலுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த அம்மா இங்கே நிமிர்ந்தாள்.

“அந்தப் பொண்ணுங்க திரும்பிப் போயிட்டாங்களா?”

“அறுவடை முடிஞ்சதும் நிறைய பேர் போயிடுவாங்க. சில பேர் அங்கேயே தங்கிட்டாங்க.”

“தங்கினவங்க யாரோட பேசிட்டு இருந்தாங்க?”

அப்பா தாளைப் புரட்டினார். “அதெல்லாம் தெரியாதும்மா. உற்பத்திக் கணக்கைத்தானே எழுதி வச்சிருக்காங்க.”

உரை நாளன்று அம்மா பட்டுப்புடவை கட்டி, அதன் கீழே பனிக்காலணி அணிந்து வந்தாள். அறையில் பாதி நாற்காலிகள் காலி. அப்பா அழகாகப் பேசினார். முடிந்ததும் கேள்விகள் உண்டா என்று தலைவர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரோ மேலங்கியை மாட்டத் தொடங்கினார்கள். அப்பாவின் முகம் சுருங்குவதைப் பார்த்தேன்.

அப்போது அம்மா எழுந்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கோத்து, தங்கிவிட்ட பெண்கள் யாரோடு பேசினார்கள் என்று அதே கேள்வியைக் கேட்டாள். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா தொண்டையைச் செருமினார். ஆவணங்களில் அதற்குப் பதில் இல்லை என்றார். எல்லோரும் மெதுவாகக் கைதட்டினார்கள்.

மெட்ரோவில் அப்பா சொன்னார்: “வீட்லயே சொன்னேனே, எனக்குத் தெரியாதுன்னு.”

“அங்கே அத்தனை படிச்சவங்க இருந்தாங்களே. யாருக்காவது தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே சுரங்கத்தின் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. அவள் கண் கலங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்தேன்.

“அது எப்பவோ நடந்ததும்மா. அந்தப் பொண்ணுங்க எல்லாம் இப்போ இருக்கவே மாட்டாங்க. நீ ஏன் கவலைப்படற?”

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கம்பளித் தொப்பியைக் காது மூடும்படி இழுத்துவிட்டாள். அவளைத் தேற்றிவிட்டேன் என்ற பெருமையோடு, எங்கள் நிறுத்தம் வரும்வரை அவள் தோளில் சாய்ந்து வந்தேன்.