மூணு கொம்பனைத் தேடி மித்சுயே

2019 மார்ச் 29, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு முன்பே மித்சுயே ஓசாகா ரயில் நிலையத்தில் மேற்கே போகும் சாதாரண ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தார். முதுகில் பை, கையில் ஐந்து நாள் சீட்டு. அதை வைத்துக்கொண்டு விரைவு ரயிலில் ஏற முடியாது. மற்றபடி நாடு முழுக்க எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். விடுமுறையில் ஊர் சுற்றும் மாணவர்கள்தான் பெரும்பாலும் அதை வாங்குவார்கள். மித்சுயேவுக்கு வயது எழுபத்தொன்று.

"சீட்டு குடுத்த பொண்ணு கேக்குறா, எங்கம்மா பயணம்னு. பொம்மை வாங்கப் போறேன்னேன். பேரனுக்கான்னா. இல்ல, பையனுக்குன்னேன். எத்தனை வயசுன்னா. நாப்பத்தஞ்சுன்னேன். டக்குனு சீட்டை நீட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டுமென்றுதான் அவ்வளவு காலையில் எழுந்து போயிருந்தேன். ரயில் வந்தது. ஒகயாமாவில் இரண்டு கடை, தொத்தோரியில் ஒன்று, மாத்சுயேவில் ஒன்று என்று நான் விலாசம் எழுதிக் கொடுத்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் பேர்லயே ஒரு ஊரு பாரு, கிட்டத்தட்ட. அங்க கிடைக்கலன்னா வேற எங்க கிடைக்கும்?"

ஏறிப் போய்விட்டார். நான் சொல்லவில்லை.

அப்போது நான் ஓசாகாவின் நிப்பொம்பாஷி கடைத்தெருவில் பழைய பொம்மைகள் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். மித்சுயே எங்கள் கடைக்கு முதலில் வந்தது விற்கத்தான். பக்கத்து ஊரான யாவோவில் பள்ளிக்கூடங்களுக்கு மதிய உணவு சமைக்கும் கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் முட்டைக்கோஸ் நறுக்கியவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன் தொமோகி, மின்தூக்கி பழுது பார்க்கும் வேலை. கல்யாணமாகவில்லை. அறை முழுக்கச் சின்ன வயதிலிருந்து சேர்த்த பொம்மைகள். 2017 இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அவன் எழுந்திருக்கவில்லை.

"நாப்பத்தொன்பதாம் நாளுக்குள்ள அவன் சாமானையெல்லாம் அனுப்பிடு, இல்லன்னா அவன் போக முடியாம இங்கயே நிப்பான்" என்றாராம் மித்சுயேவின் அக்கா. மித்சுயே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் போட்டார். எங்கள் கடை வண்டி போய்ப் பதினோரு பெட்டிகளை ஏற்றி வந்தது.

ஒரு வருடம் கழித்து, முதல் நினைவு நாளுக்கு வைக்கப் படம் தேடும்போதுதான் அந்தப் புகைப்படம் கிடைத்திருக்கிறது. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஐந்து வயதுத் தொமோகி பாயில் மல்லாந்து கிடக்கிறான். தலைக்கு மேலே ஒரு ரப்பர் ராட்சசனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். நீல உடம்பு, மூன்று கொம்பு. கடையில் அதை மூணு கொம்பன் என்போம். அதன் உள்ளங்கால்கள் கேமராவைப் பார்த்தபடி இருந்தன. இடது பாதத்தில் 'தொமோ', வலது பாதத்தில் 'கி'.

"மழலைப் பள்ளியில மூணு பசங்ககிட்ட இதே பொம்மை. தினம் அடிதடி. எல்லாத்துலயும் பேர் எழுதிக் குடுத்து விடுங்கன்னாங்க டீச்சர். நான் எழுதினேன். 'கி'க்கு இடம் பத்தல. அடுத்த கால்ல எழுதினேன். என் பேரு உடைஞ்சு போச்சுன்னு ஒரே அழுகை. காலைச் சேத்து நின்னா முழுசா இருக்கும்டா முட்டாள்னேன். அன்னையிலேருந்து அவனே ரெண்டு காலையும் சேத்து வச்சுத்தான் நிப்பான்."

எங்கள் மேலாளர் ஷியோஜி படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பாதத்தில் பெயர் இருந்தால் பொம்மைக்குப் பாதி மதிப்புதான். அதனால் பின்னறையில் என் வேலையே அதை அழிப்பதுதான். முகப்பரு மருந்தைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, மொட்டை மாடி வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் மசி போய்விடும். மாடியில் எப்போதும் இருபது முப்பது ராட்சசர்கள் தலைகீழாக, கால்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடப்பார்கள். எத்தனை பெயர்களை அழித்தேன் என்று நினைவில்லை. ஆனால் இது நினைவிருந்தது. வலது காலை மட்டும் பார்த்து, "இவன் பேரே வெறும் 'கி'யாம் அண்ணே" என்று ஷியோஜியிடம் காட்டியிருந்தேன். "சரியான ஓசாகாக் கஞ்சம் போல. பிள்ளை பேருல கூட மிச்சம் பிடிச்சிருக்கா" என்றார் அவர். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பெயரை அழித்து அலமாரியில் வைத்த அன்றே அது போய்விட்டது. பெரிய பெட்டியோடு ஊர் சுற்ற வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாங்கினார். பாதத்தைத் திருப்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான்தான் காற்றுக்குமிழித் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

"பெட்டியெல்லாம் எப்பவோ வித்துப் போச்சும்மா" என்று மித்சுயேவிடம் சொன்னார் ஷியோஜி. "யார் வாங்கினாங்கன்னு நாங்க எழுதி வைக்கிறதில்ல."

"பேர் கிறுக்கினதை இங்க வச்சிருக்க மாட்டீங்க. மட்டமான சரக்குன்னு வெளியூர்க் கடைக்குத் தள்ளியிருப்பீங்க, அதானே?"

காரணத்தை மித்சுயேவே கண்டுபிடித்தார். ஷியோஜி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அவர் போனபின் நான் ஷியோஜியிடம் சண்டை போட்டேன். "சொல்லிடலாம் அண்ணே."

"என்னன்னு சொல்லுவே? ஒங்க பையன் பேரைத் தேச்சு அழிச்சது இந்தக் கைதான்னா? போய்ச் சொல்லு. அப்புறம் அந்தம்மா வீட்டுல உக்காந்து எதைப் பாத்துக்கிட்டு இருக்கும்? ரயில்லயாவது போயிட்டு வரட்டும்."

அது அக்கறையா, கடையின் பெயரைப் பற்றிய பயமா என்று எனக்குத் தெரியாது. என்னுடையது பயம்தான்.

அந்த மார்ச் மாதம் ரயில் ஏறிப் போன மித்சுயே, ஐந்து நாள் கழித்து நேராகக் கடைக்கு வந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. நான்கு கடையில் ஆறு மூணு கொம்பன்களின் பாதங்களைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒன்றில் 'யோஷியோ' என்று இருந்ததாம்.

"அவங்கம்மாவுக்கு அழகான கையெழுத்து. என்னது கோழி கிளறின மாதிரி. அதனாலதான் எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சிடும்."

"ஒண்ணு வாங்கி வச்சுக்கலாமேம்மா, அதே பொம்மைதானே?"

"அது எவன் பிள்ளையோடதோ."

அவர் கிளம்புவதற்கு முந்தைய வாரம், வசந்த சமநாளில், எல்லோரும் தங்கள் குடும்பக் கல்லறைக்குப் போனார்கள், அவர் போகவில்லை. "நான்தான் அவன் பொம்மையைத் தூக்கிக் குடுத்தேன், வெறுங்கையோட அவன் முன்னால போய் நிக்க மாட்டேன்" என்றுவிட்டார். அக்கா வந்து கத்தினார், பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார். அதே ஐந்து நாள் சீட்டு கோடை விடுமுறைக்கு விற்பனைக்கு வந்ததும் மித்சுயே மறுபடியும் கிளம்பினார். நான் ஷிகொக்கு தீவில் உள்ள கடைகளின் விலாசங்களை எழுதிக் கொடுத்தேன். அங்கே எதுவும் இருக்காது என்று தெரிந்தே, தெளிவான எழுத்தில், கடை திறக்கும் நேரத்தையும் சேர்த்து எழுதினேன்.

அந்த இலையுதிர் காலத்தில் வேலையை விட்டேன். தைவான், வியட்நாம், பிறகு ஜார்ஜியா என்று நாலரை வருடம் எங்கெங்கோ இருந்தேன். எந்த ஊரிலும் பொம்மைக் கடை வாசலில் நிற்கவில்லை.

போன மாதம் ஓசாகாவுக்குத் திரும்பினேன். பழைய கைப்பேசிக் கணக்கைத் திறந்தபோது, தேங்கிக் கிடந்த செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மித்சுயே அனுப்பியது ஒன்றே ஒன்று. போன டிசம்பரில் அனுப்பியிருக்கிறார்.

"பொண்ணே, எங்க சுத்திக்கிட்டு இருக்கே? நான் மொரியோகாவுல இருக்கேன். முழங்கால் வரைக்கும் பனி. இங்க ஒரு கடையில மூணு கொம்பன் ரெண்டு இருந்துச்சு, ரெண்டுலயும் பேர் இல்ல. கடைக்காரத் தம்பி என்னமோ சொல்றான், பெரிய ஊர்ல மருந்து போட்டுப் பேரையெல்லாம் அழிச்சிடுவாங்களாம். நான் அவனோட சண்டைக்குப் போயிட்டேன். எங்க ஓசாகாக் கடையில ஒரு பொண்ணு எனக்காக ஊர் ஊரா விலாசம் எழுதிக் குடுத்தாடா, அப்படி இருந்தா அவ சொல்லியிருக்க மாட்டாளான்னு கேட்டேன். நாளைக்கு ஆமோரி போறேன். அங்க கடை ஏதாவது தெரிஞ்சா விலாசம் அனுப்பு."