தலையில் ஒட்டிய பஞ்சு

தை மாதம் மில்லில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். என் கணவருக்கும் வேலை போனது. பக்கத்து வீட்டு அருள் மட்டும் தினமும் தூக்குவாளியோடு கிளம்பி, தலையெல்லாம் பஞ்சோடு திரும்பினார். எனக்கு வயிறு எரிந்தது. இவருக்கு மட்டும் எப்படி வேலை? சங்கத்து ஆட்களை முதலாளியிடம் காட்டிக் கொடுத்தவர் இவர்தான் என்று குழாயடியில் நானே சொல்லித் திரிந்தேன். அவர் மனைவியோடு பேச்சையும் நிறுத்தினேன்.

மாசியில் மிளகாய் பறிக்கப் பாலவனத்தம் போனேன். அங்கே கிணறு வெட்டும் ஆட்களில் ஒருவராக அருள் நின்றார். வேலை முடிந்து கைகால் கழுவியவர், பக்கத்துக் காட்டில் வெடித்திருந்த பருத்தியைப் பிய்த்துத் தலையில் தேய்த்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் குறுகிப்போனார்.

"என்னையும் அன்னைக்கே நிப்பாட்டிட்டாக, அக்கா. வீட்ல சொல்லிராதீங்க. அவ மாசமா இருக்கா."

இப்போதெல்லாம் குழாயடியில் அவர் மனைவி, "அவுக ஷிப்டுக்குப் போயிருக்காக" என்றால், "ஆமா, மில் சங்கு ஊதுச்சே" என்று முதல் ஆளாகச் சொல்வது நான்தான்.