முருகனுக்கு நேர்ந்த சுருட்டை

என் தலையில் இப்போது இருப்பதை முடி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு காதுகளுக்கு மேலே கொஞ்சம், பின்கழுத்தில் கொஞ்சம். முழுக் கட்டணத்தையும் வாங்கும்போது முடிவெட்டும் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒரு காலத்தில் இதே தலையில் முளைத்திருந்த முடியால் நான் இந்த நாட்டுக் குடிமகனாகாமல் போகவிருந்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. குடியுரிமையை நம்புகிறார்கள். முடியைத்தான் நம்புவதில்லை.

என்னுடையது சுருட்டை முடி. நெற்றியில் ஒரு சுருள் அழகாக விழுந்து பார்ப்பவர்களைத் தடுமாறவைக்கும் ரகம் அல்ல. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக ஒரு முடிவெடுத்து, பக்கத்து மயிரைக் கலந்தாலோசிக்காமல் கிளம்பும் ரகம். பழைய புலவர்கள் பெண்களின் நெளிகூந்தலுக்கு ஆற்று மணலில் தண்ணீர் விட்டுப்போன வரிகளை உவமை சொல்லியிருக்கிறார்கள். ஆணின் சுருட்டைக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குறையை எங்கள் அலுவலகத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, தீர்த்துவைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குக் கீழே நான் தற்காலிகக் கிராணி.

"தம்பி, உது என்ன தலையிலை? தும்புக் கட்டே?" என்று கேட்டார்.

தும்பு என்றால் தேங்காய் நார். உவமை பொருத்தமாகத்தான் இருந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு அது. அதற்கு முந்தைய மாசியில் எனக்கு விஷக் காய்ச்சல் வந்து, பிழைப்பேனா என்று டாக்டரே யோசித்திருக்கிறார். அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா காரியத்தை முடித்துவிட்டாள். பிள்ளை எழுந்தால் ஒரு வருஷம் கத்திரி படாமல் முடி வளர்த்து, அடுத்த மாசி மகத்தன்று காணிக்கை தருவதாக முருகனிடம் பேசி முடித்தாள். நான் எழுந்தேன். முடியும் என்னோடு எழுந்தது. சாதாரண முடி வளர்ந்தால் கீழே இறங்கும். என்னுடையது நாலு பக்கமும் அகலமானது. கார்த்திகை மாதவாக்கில் கஜா பெராங் சாலையில் நான் சைக்கிளில் போனால், எதிரே வருகிறவர்கள் சைக்கிளுக்கு ஒதுங்கினார்களா தலைக்கு ஒதுங்கினார்களா என்று சொல்ல முடியாது.

இதில் ஆபத்து எங்கே வந்தது என்றால், என் அடையாள அட்டையில் வந்தது.

நான் பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம். மூன்று வயதில் அம்மா மடியில் கப்பலேறி வந்தவன். வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். கம்யூனிஸ்ட் கலகத்தால் அவசரகாலம் தொடங்கி எல்லோருக்கும் அட்டை கொடுத்தபோது, எங்கள் தோட்டத்தில் ஒரே காலையில் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தொழிலாளர் லயத்தில் பாதிப் பேர் மொட்டை. அன்று எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தால் ஒரே மனிதரை முப்பது தடவை எடுத்ததுபோல இருந்திருக்கும். அந்த முப்பதில் நானும் ஒருவன். பதினான்கு வயது, வழுவழுவென்ற மண்டை, இரண்டு பக்கமும் காது.

அப்பா போன பிறகு அம்மாவும் நானும் மலாக்கா டவுனுக்கு வந்து கஜா பெராங்கில் பலகை வீடு ஒன்றில் குடியிருந்தோம். குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தேன். பங்குனிக்குள் சான்றிதழைக் காட்டினால் வேலை நிரந்தரம். காட்டாவிட்டால் என் நாற்காலிக்கு வேறு ஆள். இதைப் பெரிய கிராணி எழுத்திலும் கொடுத்தார், வாயாலும் சொன்னார். நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த நாளில் என் அட்டையைக் கேட்டு வாங்கினார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"உது ஆர்?"

"நான்தான் ஐயா."

"நீர் சொல்லுறீர். அவையள் நம்ப வேணுமே? படமும் ஆளும் ஒத்துவராட்டில் ரெண்டு சாட்சி கொண்டா, சத்தியக் கடதாசி கொண்டா எண்டு திருப்பி அனுப்புவினம். பிறகு ஆறு மாசம். பேசாமல் வழிச்சுப்போட்டுப் போம்."

நேர்காணல் தை மாதக் கடைசியில். மாசி மகம் அதற்கு ஒரு மாதம் பின்னால். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது ஒன் முடி இல்ல. முருகன் முடி. ஒன் தலையில வளருது, அவ்வளவுதான்."

"அம்மா, வேலை போயிரும்."

"காய்ச்சல் திரும்பி வந்தா வேல பாக்கிறது யாரு?"

கோவில் பண்டாரத்திடம் போய் ஒரு மாதம் முன்னதாகக் கொடுத்தால் சாமி வாங்கிக்கொள்ளாதா என்று கேட்டேன். தேதி சொல்லி நேர்ந்த காணிக்கையில் கைவைக்கக் கூடாது, நுனிகூட வெட்டக் கூடாது என்றார். எனவே என் தலை மாசி மகம் வரைக்கும் முருகனுடையதாக இருந்தாக வேண்டும்; அதே சமயம் அரசாங்கத்தின் கண்ணுக்கு மொட்டையாகத் தெரிந்தாக வேண்டும்.

வழியை அம்மாதான் கண்டுபிடித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். தெரிந்திருந்தால் வழக்கறிஞராகியிருப்பாள்.

"வெட்ட மாட்டேன்னுதான நேந்துக்கிட்டேன்? படிய வைக்க மாட்டேன்னு நேந்துக்கலயே."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் படியவைக்கும் வேலை நடந்தது. முதலில் தண்ணீர். தண்ணீர் காயும்வரை படிந்தது. பிறகு கஞ்சி. சட்டைக் காலருக்குப் போடுவதைத் தலைக்குப் போட்டால் என்ன என்பது என் யோசனை. காலர் பேசாமல் இருக்கும். தலை வியர்க்கும் என்பதை யோசிக்கவில்லை. கஞ்சி காய்ந்து, விறைத்து, பிறகு செதில் செதிலாக உதிர்ந்தது. அடுத்த வீட்டுக் கோழிகள் இரண்டு நாள் என் பின்னாலேயே வந்தன. கடைசியில் தேங்காய் எண்ணெய். உள்ளங்கை உள்ளங்கையாக ஊற்றி, அம்மா இரண்டு கையாலும் அழுத்தி அறைவாள். பழைய பனியனின் உடம்புப் பகுதியை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, இறுக்கமான குல்லாவாக மாட்டிவிடுவாள். கழற்றினால் அரை மணி நேரம் தலை பளபளவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு உச்சியில் ஒரு சுருள் மட்டும் எழுந்து நிலவரம் பார்க்கும். அதற்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் மற்றவை எழுந்துகொள்ளும்.

இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் அடுத்த வீட்டுக்காரன். மலாக்கா செட்டி வம்சம். என் வயதுக்காரன், பஸ் கண்டக்டர். கும்பிடுவது எங்கள் சாமியைத்தான், ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். அம்மா அவனிடம் தமிழில் பேசுவாள், அவன் மலாயில் பதில் சொல்வான். இரண்டு பேருக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அவன் தலையும் என் தலையைப் போலவே சுருட்டை. அவன் தலையில் அது அலங்காரமாக இருந்தது, என் தலையில் விபத்தாக இருந்தது. தெங்கேராவிலிருந்து டவுன் வரைக்கும் அவனுக்காகவே அந்த பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் இருப்பதாக அவனே சொல்லுவான்.

ஒருநாள் நான் சீப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவனால் தாங்க முடியவில்லை. அவன் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அலாமா! காய்ஞ்ச முடியில சீப்பா? உனக்கு அது என்ன துரோகம் பண்ணுச்சு?"

"படிய மாட்டேங்குது."

"கெரிந்திங்லா இது. அடிச்சா படியுமா? கேட்டுக்க. ஈரமா இருக்கும்போது விரலால பிரிச்சுவிடு. சந்தான் தடவி ஊறவை. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு அலசு. துண்டு போட்டுத் தேய்க்காத, பழைய சட்டையால ஒத்தி எடு. அப்புறம் கையே வைக்காத. தானா காயட்டும்."

கெரிந்திங் என்றால் சுருட்டை, சந்தான் என்றால் தேங்காய்ப் பால். கையே வைக்காதே என்பதை அவன் மூன்று தடவை சொன்னான்.

"எனக்கு அழகா இருக்க வேண்டாம். முடியே இல்லாத மாதிரி இருக்கணும்" என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கறிக்கடையில் வந்து கத்தரிக்காய் கேட்டவனைப் பார்ப்பதுபோல இருந்தது.

"சொங்கோக் போட்டுக்கோ" என்றான். மலாய்க்காரர்கள் போடும் கறுப்புத் தொப்பி அது.

"தலையில் எதுவும் போடாமல் வரணும்னு கடிதத்தில் இருக்கு."

"அப்ப நீ தேங்காய் எண்ணெயே தடவு. பிள்ளையார் மாதிரி பளபளன்னு போ" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டான். அம்மா உள்ளேயிருந்து, "அந்தத் தம்பி என்னடா சொல்லுது?" என்றாள். எண்ணெயே சரி என்கிறான் என்றேன். அம்மா திருப்தியாக இன்னொரு போத்தல் வாங்கிவரச் சொன்னாள்.

நேர்காணல் அன்று விடியற்காலையில் அம்மா என் தலையில் ஊற்றியதில் நாலு பேருக்கு முறுக்குச் சுட்டிருக்கலாம். பனியன் குல்லாவோடு சைக்கிளில் போய், பதிவு அலுவலக வாசலில் குல்லாவைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. எண்ணெய் வேகமாக நகர்ந்தது. நெற்றி, காதோரம், கழுத்து என்று இறங்கிக்கொண்டே இருந்தது. நான் விரலால் வழித்து வழித்து மறுபடியும் தலையிலேயே தடவிக்கொண்டேன். வீணாக்குவானேன்.

அதிகாரி மலாய்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அட்டையைத் திறந்தார். பெரிய கிராணி பார்த்த அதே வரிசையில், படத்தை ஒரு தடவை, என்னை ஒரு தடவை, மறுபடியும் படத்தை.

"சியாப்பா இனி?" என்றார். இது யார்?

"நான்தான், துவான்."

உச்சியில் அந்த முதல் சுருள் எழுந்து நிலவரம் பார்ப்பதை உணர்ந்தேன். அதிகாரியின் பார்வையும் அங்கே போனது. சாட்சி, சத்தியக் கடதாசி, ஆறு மாதம், என் நாற்காலியில் வேறு ஒருவன் என்று நான் வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மைப்பெட்டியை நகர்த்திவைத்தார்.

"முகம் மாறும். விரல் மாறாது. கட்டைவிரலைக் கொடு."

என் வயிற்றில் பால் வார்த்தார் என்று நினைத்துக் கட்டைவிரலை அவர் கையில் கொடுத்தேன். மையில் அழுத்தினார், தாளில் அழுத்தினார். ரேகை விழவில்லை. ஒரு கறுப்புச் சறுக்கல் மட்டும் விழுந்தது. இன்னொரு தாள் எடுத்தார். அதில் மையே ஒட்டவில்லை, எண்ணெய் வட்டம் விழுந்தது. தாளுக்கு அடியில் இருந்த எழுத்து அதன் வழியே அழகாகத் தெரிந்தது. அவர் தன் விரல்களை முகர்ந்து பார்த்தார்.

"தேங்காய் எண்ணெயா?"

"ஆமாம், துவான்."

"பின்னால் குழாய் இருக்கிறது. சவர்க்காரம் இருக்கிறது. கழுவிக்கொண்டு வா."

கழுவிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் காதோரம் ஒழுகியதைப் பழக்கதோஷத்தில் விரலால் வழித்துவிட்டேன். மூன்றாவது தாளும் போனது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். ஒரு தமிழர், "நல்லா இருக்கு கூத்து. இவரு ஒருத்தருக்கே இன்னொரு சுதந்திரம் வாங்கணும் போல" என்றார். அதிகாரி கோபப்படவில்லை. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று யோசித்து, என் தலையைச் சுட்டிக்காட்டினார்.

"அதையும் கழுவு."

சவர்க்காரம் போட்டு ஐந்து தடவை அலசினேன். துடைக்கத் துண்டு இல்லை. சட்டைப் பையிலிருந்த பனியன் குல்லாவால் ஒத்தி எடுத்தேன். சீப்பும் இல்லை, விரலால் பிரித்துவிட்டேன். மறுபடியும் எண்ணெய் பட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் அதன் பிறகு தலையில் கையே வைக்கவில்லை. திரும்பி வந்தபோது ஒரு வருஷத்து முடி முழுவதும் என்னோடு வந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். கட்டைவிரலை வாங்கி அழுத்தினார். ரேகை அச்சடித்ததுபோல விழுந்தது. பூதக்கண்ணாடி வைத்து அட்டையிலிருந்த ரேகையோடு ஒப்பிட்டார்.

"நீதான்" என்றார்.

நான் யார் என்று அவ்வளவு உறுதியாக யாரும் அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

இந்தப் படம் உதவாது, இன்றைக்கே புதுப் படம் எடுத்துக் கொடு, அட்டையை மாற்றிக்கொள், சான்றிதழை ஒரு மாதத்தில் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள் என்றார். தெங்கேரா சாலையில் இருந்த சீனர் ஸ்டூடியோவுக்குப் போனேன். போய்ச் சேருவதற்குள் தலை தானாகவே காய்ந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் கேமரா முக்காலியை மூன்று தடவை பின்னால் நகர்த்தியும் முடி முழுவதும் சட்டத்துக்குள் அடங்கவில்லை. நாலாவது தடவையில் அடங்கியது, முகம்தான் சிறுத்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். சுருள் சுருளாக, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போய், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், ஆற்று மணல் வரி என்று சொன்னாலும் சொல்லலாம். அன்று சாயங்காலம் வேலிப்பக்கம் வந்த கண்டக்டர் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"சந்தான் போட்டியா?"

"அரசாங்கச் சவர்க்காரம்."

"கையே வைக்கலயே?"

"வைக்கல."

"பார்த்தியா! நான் சொன்னா கேட்டாதானே" என்று அம்மாவிடம் முறையிட்டான். அம்மா தமிழில், "எல்லாம் முருகன் செயல் தம்பி" என்றாள். அவன் தலையாட்டினான்.

வாழ்க்கையில் நான் அழகாக இருந்தது அந்த ஒரு மாதம்தான். மாசி மகத்தன்று ஆற்றங்கரையில் நாவிதர் முன்னால் உட்கார்ந்தபோது லேசாக வருத்தமாகக்கூட இருந்தது. நாவிதர் இரண்டு தடவை கத்தியைத் தீட்டிக்கொண்டார். அம்மா முடியை முந்தானையில் வாங்கி, எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்துவிட்டு, உண்டியல் பக்கம் போனாள். வந்து மொட்டை மண்டை நிறையச் சந்தனத்தை அப்பிவிட்டாள். குளிர்ச்சி, மூன்று நாளைக்குக் கழுவக் கூடாது என்றாள்.

சான்றிதழ் தயார் என்று மறுநாள் கடிதம் வந்தது. போனேன். அதே அதிகாரி. என் புது அட்டையைத் திறந்தார். உள்ளே, சிறிய முகத்தைச் சுற்றி மலாக்காவிலேயே மிகச் சிறந்த சுருட்டை. வெளியே, சந்தனம் பூசிய மொட்டை. அவர் பழைய வரிசையிலேயே பார்த்தார். "இது யார்" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மைப்பெட்டியை நகர்த்திவைத்தார். நான் கட்டைவிரலை நீட்டினேன்.

வெயிலில் சைக்கிளில் வந்தவன். அரிக்கிற மண்டையை வழி முழுக்கத் தடவிக்கொண்டு வந்திருக்கிறேன். விரல் நிறையச் சந்தனம்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பின்பக்கக் குழாய் இருந்த திசையைக் கையால் காட்டினார்.