கரண்டில் போன அத்தா

அகப்பைக் காம்பு சுவிட்சில் படும்போது எழும் 'டொக்' என்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடலூர் 'ஓ.டி.'யில், அதாவது பழைய நகரத்தில், எங்கள் வீட்டில் மட்டும் யாரும் விரலால் விளக்கைப் போட்டதில்லை. அம்மா ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஈரக் கையைச் சேலையில் அழுந்தத் துடைத்து, அகப்பையைத் தலைகீழாகப் பிடித்து எட்ட நின்று தட்டுவாள். மழை தூறினால் மெயினையே இறக்கிவிடுவாள். மின்விசிறி ஒன்று இருந்தது. அதன் ஒயரில் வெடிப்பைப் பார்த்த நாளிலிருந்து அதைச் சுழலவிடவில்லை.

காரணம் தெருவுக்கே தெரியும். மஸ்கட்டில் வயரிங் வேலை பார்த்த என் அத்தா, நான் இரண்டாம் வகுப்பு படிக்கையில் 'கரண்டில் போய்விட்டார்'. தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அழைப்பு வந்ததும் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஓடிப்போய் ரிசீவரை வாங்கினார். மறுமுனையில் பேசிய சூப்பர்வைசருக்கு ஆங்கிலம்தான் வரும். மாமாவுக்கு அதுதான் வராது. அவர் சொன்னதில் மாமாவுக்குப் பிடிபட்டது 'டெட்', 'கரண்ட்', 'நோ பாடி' என்ற சொற்கள் மட்டும். திரும்பி வந்தவர் வாசற்படியில் சரிந்து உட்கார்ந்து, "அக்கா, மச்சான் கரண்ட்ல போயிட்டாராம்க்கா" என்றார். மையித்து எப்போது வரும் என்று கேட்டவர்களிடம், "வராதுன்னுட்டாங்க" என்றார். அங்கேயே அடக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டோம். பள்ளிவாசலில் உடல் இல்லாமலே ஜனாஸா தொழுகை நடந்தது.

துக்கம் விசாரிக்க வந்த யாரோ ஒருத்தி, "கரண்ட்னா ஒரு நொடிதாம்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அந்த வார்த்தையைப் பற்றிக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

விசிறி ஓடாத வீட்டின் புழுக்கம் தாளாமல், சாயங்காலமானால் என்னையும் தம்பியையும் கடற்கரைக்கு அழைத்துப் போவாள். மற்ற அம்மாக்கள் கரையில் நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கத்த, அவள் மட்டும் எங்களை இடுப்பளவுத் தண்ணீருக்கு விட்டுவிட்டு நிம்மதியாக மணலில் உட்கார்ந்திருப்பாள். "தண்ணி ஒண்ணும் பண்ணாது. உங்க அத்தா உப்பனாத்துல மீனு மாதிரி நீஞ்சுவாரு. கரண்டுதான் ஆள உட்டு வெக்காது" என்பாள். அத்தா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த அலைகளின் முன்னால்தான்.

எட்டாம் வகுப்பில் ஆங்கில டீச்சர், 'கரண்ட்' என்றால் நீரோட்டம் என்றும் ஒரு பொருள் உண்டு, சொல்லப்போனால் ஓடுவதெல்லாம் கரண்ட்தான் என்றார். "அப்போ ஆத்துல எறங்குனா ஷாக் அடிக்குமா மிஸ்?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு எனக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்து, கல்யாணமாகி, அம்மாவும் எங்களோடு வந்துவிட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மக்காவுக்கு உம்ரா போகும் வழியில் மஸ்கட்டில் இறங்க வேண்டும். "ஒரு தடவ அவரு கபர்ல நின்னு சலாம் சொல்லிட்டா போதும்டி."

எந்தக் கபரஸ்தானில் அடக்கினார்கள் என்று கேட்பதற்காகத்தான், அத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருந்து ஊர் திரும்பிவிட்ட ஒருவரைத் தேடி ஸ்ரீமுஷ்ணம் போனேன்.

"கபரா? ஏம்மா, மையித்தே கெடைக்கலியேம்மா! வெள்ளிக்கிழமை லீவுன்னு கடல்ல குளிக்கப் போனோம். அடியில நல்ல இழுப்பு. கையத் தூக்கித் தூக்கிக் காட்டுனாரு. எங்க யாருக்கும் நீச்சல் தெரியாதும்மா… கத்திக்கிட்டே நின்னோம். சூப்பர்வைசர் எம் முன்னாலதான் போன் பண்ணாரு, எங் கையில ரிசீவரத் தரல. 'கரண்ட், கரண்ட்'னு அவரும் சொல்லிச் சொல்லிப் பாத்தாரே. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

திரும்பும் பேருந்தில், மாமா இதைக் கேட்க உயிரோடு இல்லை என்பது ஒன்றே எனக்கு ஆறுதலாக இருந்தது.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை; பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காத்திருந்தாள். முழுக்கக் கேட்டாள். அழவில்லை. "அவருக்குத்தான் நல்லா நீஞ்சத் தெரியுமே" என்றாள். போட்டோக்களைக் கவரில் திரும்பப் போட்டுக்கொண்டே, "அப்போ ரொம்ப நேரம் தவிச்சிருப்பாராடி?" என்றாள்.

"இல்லம்மா. ஒடனே."

"அந்த ஆளு சொன்னாரா?"

"ஆமாம்மா."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனாள்.

இன்று ஓ.டி. வீடு இருந்த இடத்தில் ஒரு குடோன் நிற்கிறது. நாங்கள் உட்கார்ந்த மணலைப் பாறாங்கற்கள் மூடிவிட்டன. கடலூருக்குப் போனாலும் அம்மா கடல் பக்கம் வருவதில்லை. உம்ரா பேச்சையும் எடுப்பதில்லை.

போன பெருநாளன்று ஆண்கள் கபரஸ்தானுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, என் மகள் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு, "நன்னி, நம்ம நன்னா கபரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். சமையலறையில் நின்றிருந்த நான் அடுப்பைத் தணித்தேன்.

"மஸ்கட்லம்மா" என்றாள் அம்மா. "மேல ஒரு மரம் இருக்கு. நல்ல நெழலு."